மூடிய லேப்டாப் பைக்குள் சுடுகிறதே!

கேள்வி: காட்பாடியில் படிக்கும் மகனுக்கு நான்கு மாதம் முன்பு வேலூரில் ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கினேன். திறந்து வேலை பார்க்கும்போது சார்ஜ் நன்றாக நிற்கிறது. மூடிப் பையில் வைத்து பஸ் ஏறினால், வீடு வருவதற்குள் பை சுடுகிறது, சார்ஜும் பாதியாகிவிடுகிறது. கடைக்காரர், "பேட்டரி போச்சு, ஆறாயிரம் ஆகும்" என்கிறார். மாற்றிவிடலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: காசைக் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரி கெட்டிருந்தால் திறந்து வைத்திருக்கும்போதும் மளமளவென்று இறங்கியிருக்கும். எனக்குச் சந்தேகம் 'டிரைவர்' மீதுதான். பஸ் டிரைவர் அல்ல, லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் மென்பொருள்.

பழைய லேப்டாப்களை மூடினால் எஸ்3 என்ற தூக்கத்துக்குப் போகும். நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் ஓடும். இப்போது வரும் பலவற்றில் அது கிடையாது. 'மாடர்ன் ஸ்டேண்ட்பை'தான். அதில் வைஃபை, எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), கேமரா என்று ஒவ்வொன்றையும் அதனதன் டிரைவர்தான் டி0 என்ற விழிப்பு நிலையிலிருந்து டி3 என்ற உறக்கத்துக்கு இறக்க வேண்டும். ஒரு டிரைவர் அடம்பிடித்தாலும் பிராசஸர் ஆழ்ந்து தூங்காது. மண்டபத்தில் ஒருவர் விழித்திருந்தாலும் ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரி. வேலூர் வெயிலில், காற்று புகாத பையில், மீதியைச் சொல்லவே வேண்டாம்.

விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, powercfg /sleepstudy என்று தட்டும்படி மகனிடம் சொல்லுங்கள். மூடியிருந்த நேரத்தில் எவ்வளவு சார்ஜ் போனது, எந்தச் சாதனம் விழித்திருந்தது என்று அறிக்கை வரும். அதோடு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸையும் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அந்தச் சாதனத்தின் டிரைவரையும் புதுப்பியுங்கள். அதுவரை மூடினால் 'ஹைபர்னேட்' ஆகும்படி, அதாவது வேலையைச் சேமித்துவிட்டு முழுவதும் அணைந்துவிடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது சற்றுத் தாமதமாகும், ஆனால் பை சுடாது.

அப்படியும் தீரவில்லையென்றால், அறிக்கையின் நகலோடு கடைக்கு அல்ல, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், புகாரைப் பதிந்து தரும் ஜாப் ஷீட் வாங்குங்கள். அவர்களே போட்டுக் கொடுத்த டிரைவர் பொருளின் பகுதிதான். 'சாஃப்ட்வேருக்கு வாரண்டி இல்லை' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். தட்டிக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

ஒன்று மட்டும் மகனிடம் கேட்டுவிடுங்கள்: விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் டிரைவர் கம்பெனி போட்டுக் கொடுத்ததல்ல என்றாகிவிடும், இந்தச் சண்டையில் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்துவிடும்.