பெரிய தீம் கேக் வாங்கலைன்னா பிள்ளை ஏங்கிப் போயிருமா?

கேள்வி கேட்டவங்க பையனுக்கு அடுத்த மாசம் அஞ்சாவது பிறந்தநாளாம், கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒவ்வொருத்தரும் ரெண்டடுக்கு மூணடுக்கு கேக் போட்டோவாப் போட்டுத் தாளிக்கிறாங்களாம், நம்ம மட்டும் சாதா கேக் வாங்குனா பிள்ளை மனசு ஒடஞ்சிருமான்னு கேட்ருக்காங்க.

மொதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன், நான் கேக் செஞ்சு விக்கிறவ. மதுரை வில்லாபுரத்துல வீட்டு மாடியில ஒரு ஓவன், ஒரு ஃப்ரீசர், வருஷத்துக்கு நூறு ரூபா கட்டி எஃப்எஸ்எஸ்ஏஐன்னு உணவுப் பாதுகாப்புப் பதிவு, இம்புட்டுதான் என் கம்பெனி. அதனால வாங்காதீங்கன்னு நான் சொன்னா என் சோத்துல நானே மண்ணைப் போட்டுக்கிற மாதிரி. இருந்தாலும் கேட்டுட்டீங்க, சொல்றேன். பிள்ளை ஏங்காதுங்க. நீங்க ஏங்குவீங்க, அதையும் சேத்துத்தான் சொல்லணும்.

எனக்கு ஆர்டர் மெசேஜ் எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் வரும், பிள்ளையத் தூங்க வச்சிட்டு அம்மாமார் போனைக் கையில எடுக்குற நேரம். ஒரு போட்டோ வரும், எந்த நாட்டுலயோ ஏசி ஹால்ல வச்சு எடுத்த நாலடுக்கு அரண்மனை கேக், கீழ "சிஸ் இதே மாதிரி 1 கிலோல வருமா". வராது சிஸ். ஒரு கிலோ கேக்குல ஸ்பாஞ்ச் அரை கிலோ கூட இருக்காது, மிச்சம் பூரா க்ரீமும் சுகர் சிரப்பும்தான், மொத்தமே ஒரு சின்ன சாப்பாட்டுத் தட்டு அகலம் வரும், அதுல எங்கிட்டு நாலடுக்கு கட்ட. அப்ப என்ன செய்வோம்னா கீழ் அடுக்குக்கு தெர்மாகோல் வச்சு மேல க்ரீமைப் பூசிருவோம், டம்மி டையர்னு பேரு. தொழில்ல எல்லாரும் செய்றதுதான், நானும் செய்றேன், கேட்டவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்றேன்.

ஆனா அவங்க வீட்ல சொல்லணும்ல? திருநகர் பக்கம் ஒரு வீட்டுல மொத பிறந்தநாளு, மருமக என்கிட்ட டம்மி போடச் சொல்லி வாங்கிட்டுப் போயிருச்சு, மாமியார்கிட்ட சொல்லல. மேல் அடுக்கை வெட்டி முடிச்சதும் பிள்ளையோட அப்பத்தா, இம்புட்டுப் பேரு வந்திருக்காக, பெருசை வெட்டாம பொடுசை வெட்டி யாருக்குக் காணும்னு கத்தியை வாங்கி கீழ் அடுக்குல விட்டு ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, கிரீச்சுனு ஒரு சத்தம், பல்லெல்லாம் கூசிப்போச்சு. கத்தியில ஒட்டிக்கிட்டு வந்த வெள்ளை உருண்டையக் கையில எடுத்துப் பாத்துட்டு "ஏத்தா, இது டிவி பொட்டிக்குள்ள வர்றதுல்ல"ன்னுச்சு. கேக் மேல குத்துற பேர் அட்டை, அதான் டாப்பரு, அதை மாத்திக் கொடுக்கப் போனவ நான், அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன். அந்த மருமக என்னையப் பாத்த பார்வைய இன்னும் மறக்க முடியல, அந்த நிமிஷத்துல அது எங்க ரெண்டு பேரோட களவு மாதிரி ஆயிருச்சு.

அடுத்தது ஃபாண்டன்ட். சர்க்கரை மாவு, குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின், கொஞ்சம் கிளிசரின் எல்லாம் போட்டு சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சு, தேச்சு, கேக்குக்குப் போர்வை போத்துற மாதிரி போத்துறது. போட்டோவுல வழவழன்னு பொம்மை மாதிரி தெரியுறது பூரா இதுதான். கார்த்திகை மாசம் வீட்ல மாலை போட்டிருக்காக, கண்டிப்பா எக்லெஸ் வேணும்னு பத்து தடவை கேட்டு வாங்குறவங்க மேல இருக்கிற ஜெலட்டினைப் பத்தி ஒரு தடவை கூடக் கேக்குறதில்ல, அது மாட்டு எலும்பு தோல்ல இருந்தெல்லாம் எடுக்குறதுன்னு நான்தான் சொல்லி, ஜெலட்டின் இல்லாத ஃபாண்டன்ட் பாக்கெட் வாங்கிச் செஞ்சு குடுக்குறேன். என் ரேட்டு க்ரீம் கேக் கிலோ 800, ஃபாண்டன்ட் கிலோ 1600, ரெண்டு கிலோவுக்குக் கொறஞ்சு செய்ய மாட்டேன். அதுல முக்கா கிலோ போல அந்தப் போர்வையே இருக்கும். பிள்ளைக என்ன செய்யும் தெரியுமா, ஒரு கடி கடிச்சிட்டு தோலை உரிச்சுத் தட்டு ஓரத்துல ஒதுக்கிரும். அப்ப கணக்குப் பாத்துக்கோங்க, ஆயிரத்துக்கு மேல காசு அந்தத் தட்டு ஓரத்துல கிடக்கு.

நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் ஆகாத சாமான் வேற. அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி அடிக்கிற ஊருல ஃபாண்டன்டை ஃப்ரிட்ஜ்ல இருந்து வெளிய எடுத்தா முத்து முத்தா வேர்க்கும், கலர் கரைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஓடும், ஃப்ரிட்ஜ்ல வைக்கலைன்னா உள்ள இருக்கிற க்ரீம் சரியும், ரெண்டுக்கும் நடுவுல நாங்க படுற பாடு சொல்லி மாளாது. இதுல ரெண்டடுக்கு கேக்கை வாங்கிட்டுப் போக டூவீலர்ல வருவாங்க. எத்தனை ஸ்பீட் பிரேக்கர்ங்க இருக்கு இங்கிட்டு இருந்து காளவாசல் போறதுக்குள்ள!

கலரையும் சொல்லிர்றேன். நல்லா ரத்தச் செவப்பு, அட்டக் கருப்பு க்ரீம் கேக்காதீங்க. அந்த அளவுக்கு நிறம் ஏத்தணும்னா ஏகப்பட்ட கலர் கொட்டணும், கசக்கும், பிள்ளைக்கு மறுநா வரைக்கும் நாக்கும் பல்லும் கருப்பா இருக்கும். உணவுல செயற்கை கலர் எம்புட்டு போடலாம்ங்கிறதுக்கே சட்டத்துல அளவு இருக்கு, பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம். 2024 பிப்ரவரில ரோடமின் பிங்கிற துணிச் சாயம் கலந்திருக்குன்னு பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு பூரா தடை பண்ணாங்கள்ல, அப்ப ரெண்டு வாரம் எல்லாரும் "அக்கா கலர் கம்மியா"ன்னாங்க, மூணாவது வாரம் மறுபடி ஸ்பைடர்மேன் செவப்பு. அப்புறம் கேக் வெட்டும்போது நுரை ஸ்பிரே அடிப்பாங்களே, அதுல இருக்கிறது தீப்பிடிக்கிற கேஸு, மெழுகுவத்தி எரியும்போது பிள்ளை மூஞ்சிக்கு நேரா அதை அடிக்கிறவங்க யாரா இருந்தாலும், தாய்மாமனா இருந்தாலும், கையத் தட்டி விடுங்க.

சரி, இம்புட்டும் தெரிஞ்சும் ஏன் வாங்குறாங்க? எனக்குத் தெரிஞ்சு இது மொய்க் கணக்குதான். எனக்குப் பொறந்த ஊரு உசிலம்பட்டி பக்கம், அங்க மொய் நோட்டுன்னா பீரோவுல நகையோட வைக்கிற சாமான். அவுக காதுகுத்துக்கு நம்ம எம்புட்டு செஞ்சோம், நமக்கு அவுக எம்புட்டு செஞ்சாகன்னு எங்க அம்மா தேடி எடுத்துப் படிச்சுட்டுத்தான் கெளம்பும். இப்ப கிளாஸ் குரூப்ல நடக்குறதும் அதேதான், நோட்டு மட்டும் இல்ல. அவங்க பிள்ளைக்கு மூணடுக்கு வெட்டி ரிட்டர்ன் கிஃப்டா வாட்டர் பாட்டில் குடுத்தாங்க, நம்ம அரை கிலோவை வெட்டி பென்சில் குடுத்தா மொய்ல கொறச்ச மாதிரி ஆயிரும்னு ஒரு கூச்சம். ஆனா மொய்யி திரும்பி வரும்ங்க, அவசரத்துக்கு வீடு கட்ட, பிள்ளைய காலேஜ் சேக்க ஆகும். கேக்கு எங்கிட்டு இருந்து திரும்பி வரும்?

ஒரு ஆட்டோக்கார அண்ணன் வந்தாரு, மகளுக்கு மொத பிறந்தநாளு, போன்ல ஒரு அரண்மனை கேக்கைக் காட்டி ரேட்டு கேட்டாரு. 4800னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, செருப்பை மாட்டிட்டு ரெண்டு படி எறங்குனவரு திரும்பி வந்து "ரெண்டு தவணையாத் தரலாமாம்மா, மச்சினன் வீட்ல பெருசா செஞ்சுட்டாக"ன்னாரு. வேண்டாம்ணே சின்னதா செஞ்சு தர்றேன்னு நான் சொல்லிருக்கணும்னு நீங்க நினைப்பீங்க. சொல்லல. அந்த மாசம் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும், ஆர்டரை எடுத்துக்கிட்டேன். டெலிவரி குடுக்கப் போனப்ப மணி எட்டு, அந்தப் பிள்ளை அசந்து தூங்கிருச்சு, எழுப்பித் தூக்கிக்கிட்டு வந்து நிறுத்தி வாணம் மாதிரி பொறி பறக்குற மெழுகுவத்தியைக் கொளுத்தவும் வீறுவீறுன்னு அழுதுச்சு. எல்லா போட்டோவுலயும் அழுகதான். மீதிக் காசை அவரு சொன்ன தேதிக்கு ஒரு நா முன்னாடியே கொண்டாந்து குடுத்தாரு, எனக்குத்தான் வாங்க கை கூசுச்சு.

என் வீட்டுக் கதையையும் சொல்லிர்றேன், இல்லைன்னா நான் ஏதோ ஞானி மாதிரி ஆயிரும். என் மக பொறந்தது சித்திரைத் திருவிழா சமயம். அஞ்சாவது பிறந்தநாளுக்கு அழகர் கேக் வேணும்னா. எங்க மாமியார் கேட்டுட்டு "சாமியக் கத்தி வச்சு வெட்டுவீகளா"ன்னு ஒரே போடு. அதுவும் ஞாயந்தான்னு அழகரை விட்டுட்டு தங்கக் குதிரை மட்டும் செய்வோம், கீழ நீலக் க்ரீம்ல வைகை ஆறுன்னு பிளான். ஃபாண்டன்ட்ல நிக்கிற குதிரை செய்யணும்னா மாவு இறுகறதுக்கு டைலோஸ் பவுடர் கலந்து, காலுக்குள்ள குச்சி விட்டு, ரெண்டு மூணு நா காய விடணும். எனக்கு அடுத்தவங்க ஆர்டரே தலைக்கு மேல, நம்ம வீட்டுக் குதிரைக்கு ஒரே ராத்திரிதான் கெடச்சது. அடுத்த வீட்டு பிரியா அம்மா கேக்கை விட நல்லா இருக்கணும்னு மனசுக்குள்ள ஒரு இது வேற, கேக் செய்றவ மக கேக்குல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆளுக எல்லாம் வந்து உக்காந்தப்ப முன்னங்கால் மடங்க ஆரம்பிச்சது. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே மெதுவா, ரொம்ப மெதுவா, மூக்கை நீலக் க்ரீமுக்குள்ள வச்சுப் படுத்துருச்சு. எங்க வீட்டுக்காரர் "அழகர் எறங்குறதுக்கு முன்னாடி குதிரை எறங்கிருச்சு"ன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க, என் மகளும் சேந்துதான் சிரிச்சா. நான்தான் அடுப்படிக்குள்ள போயி அவரைக் கண்டபடி வஞ்சு கத்துனேன், அதைக் கேட்டுட்டு அப்பதான் அவ அழுதா. ஒரு வருஷம் கழிச்சு அந்த பிறந்தநாளைப் பத்திக் கேட்டா, பூரி போட்டீங்கங்கிறா, மாமா பலூனைக் காதுகிட்ட வெடிச்சாருங்கிறா, குதிரையே ஞாபகம் இல்ல.

எங்க காலத்துல என்ன இருந்துச்சு, நட்சத்திரம் பாத்து கோயில்ல ஒரு அர்ச்சனை, ஓரத்துல மஞ்சள் தடவுன புதுப் பாவாடை, எல்லாரும் யூனிஃபார்ம்ல இருக்க நம்ம மட்டும் கலர் டிரஸ்ல போயி கிளாஸ் பூரா சாக்லேட் குடுக்குறது, கூட வர்றதுக்கு ஒரு ஃபிரண்டைத் தேர்ந்தெடுக்குறது. அந்தத் தேர்தல்தான் பெரிய கெத்து. நான் மொத மொத கேக் வெட்டுனது ஏழாவது படிக்கும்போது, டால்டா மாதிரி கெட்டியா ரோஸ் பூ வச்ச பேக்கரி கேக்கு, மேல ஒரே ஒரு செர்ரி, அதுக்கு நானும் தம்பியும் அடிச்சுக்கிட்டோம். தொழிலுக்கு வந்தப்புறந்தான் தெரியும் அது செர்ரியே இல்ல, களாக்காயைப் பாகுல ஊறப் போட்டு கலர் ஏத்துனதுன்னு.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, ஒரு கிலோ க்ரீம் கேக் சொல்லுங்க, பன்னெண்டு பேருக்குத் தாராளமா வரும். பையனுக்குப் பிடிச்ச காரோ டைனோசரோ மாசி வீதிப் பக்கம் ஃபேன்சி கடையில நூறு நூத்தம்பதுக்கு வாங்கி நல்லாக் கழுவி, கால்ல பட்டர் பேப்பர் சுத்தி கேக் மேல நிறுத்திருங்க. கேக் வெட்டி முடிச்சு அதை எடுத்து நக்கிட்டு அப்பயே வெளாட ஓடிருவான். குரூப்ல போட்டோ போடணும்னா போடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா சொல்லிக்கிறாங்க.

எங்க வீட்ல வாரத்துல நாலு நா ஸ்பாஞ்சுல சீவி எடுத்த ஓரம்தான் டிபன் பாக்ஸ்ல போகுது. இந்த வருஷம் என்ன கேக்குடின்னு என் மககிட்ட கேட்டதுக்கு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு, கேக்கே வேண்டாம், பன் பரோட்டா வேணும், அதுல மெழுகுவத்தி குத்துவோம்ங்கிறா. நிக்குமான்னு நேத்தே வாங்கிட்டு வந்து குத்திப் பாத்துட்டேன், ஜம்முனு நிக்குது.