யானை விலை குறைஞ்சா தீனி குறையுமா? (கார் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, 2006 மாடல் பிஎம்டபிள்யூ எம்5 ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. வி10 என்ஜின், 507 குதிரைத்திறன். புதுசா வந்தப்ப இருந்த விலையில ஏழுல ஒரு பங்குதான் கேக்கறாங்க, அந்த காசுக்கு புதுசா வாங்கினா ஒரு சின்ன ஹேட்ச்பேக்தான் வரும். வீட்ல யாருக்கும் இஷ்டமில்ல. நீங்க "வாங்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

பதில்: தம்பி, சொல்றதுக்கு எனக்கும் ஆசைதான். அந்த என்ஜின் 8250 ஆர்பிஎம் வரைக்கும் ஏறும், அந்த சத்தத்த ஒரு தடவ கேட்டவன் சும்மா இருக்க மாட்டான். ஆனா நீங்க கணக்க தப்பான இடத்துல ஆரம்பிக்கறீங்க. ஏழுல ஒரு பங்கா ஆனது காரோட விலை மட்டும்தான். டிஸ்க், இன்ஜெக்டர், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் இன்னும் அத ஷோரூம்ல புதுசா வாங்கினவரோட பர்ஸுக்கு போட்ட ரேட்லதான் வருது, சிலது ஸ்டாக் குறைய குறைய இன்னும் ஏறிட்டே போகுது. யானையோட விலை குறைஞ்சதுன்னு அது கம்மியாவா சாப்பிடும்? அதனால ஹேட்ச்பேக்கோட ஒப்பிடறத விடுங்க. புது எம்5 ஒண்ண யாராவது சும்மா குடுத்தா அத பராமரிக்க உங்களால முடியுமா, அந்த கேள்விக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் விலைய பேசுங்க.

இந்த காருக்குன்னே சில வியாதி இருக்கு. முதல்ல ராட் பேரிங். க்ராங்க்ஷாஃப்ட்டும் கனெக்டிங் ராடும் சேர்ற இடத்துல வளைஞ்ச மெல்லிசான தகடு, ராடுக்கு ரெண்டு, ஆக மொத்தம் இருபது. இந்த எஸ்85 என்ஜின்ல அது சீக்கிரமே தேயுது, அதுவும் சத்தமில்லாம தேயுது. என்ஜின் அடியில இருந்து டொக் டொக்னு கேக்க ஆரம்பிச்சா அது எச்சரிக்கை இல்ல, பெரும்பாலும் க்ராங்க் கெட்டாச்சுன்னு அர்த்தம். விஷயம் தெரிஞ்ச ஓனருங்க நல்லா ஓடும்போதே என்ஜின் அடியில இருக்கற சப்ஃப்ரேம் சட்டத்த எறக்கி, ஆயில் தேங்கற சம்ப் தொட்டிய கழட்டி, அந்த இருபதையும் மாத்திடுவாங்க. அந்த வேலைக்கு பில் இருக்கான்னு கேளுங்க. "அதெல்லாம் நல்லாதாங்க ஓடுது"ன்னு பதில் வந்தா, அந்த வேலையோட முழு செலவையும் அவர் சொல்ற விலையில இருந்து கழிச்சிட்டு பேசுங்க, ஒத்துக்கலன்னா கெளம்பி வந்துடுங்க.

அடுத்தது த்ராட்டில் ஆக்சுவேட்டர். பத்து சிலிண்டருக்கு பத்து த்ராட்டில் (உள்ள போற காத்த கூட்டிக் குறைக்கற வால்வு), அத இயக்க பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு மோட்டார், அதுதான் ஆக்சுவேட்டர். ஒண்ணு மக்கர் பண்ணாலே பவர் பாதியா விழுந்து வண்டி நொண்ட ஆரம்பிக்கும். அப்புறம் எஸ்எம்ஜி கியர்பாக்ஸ், ஏழு கியர், பாக்க ஆட்டோமேட்டிக் மாதிரி இருக்கும் ஆனா உள்ள சாதா கிளட்ச்தான், அத ஹைட்ராலிக் பம்ப் ஒண்ணு மிதிக்குது. ட்ராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போன வண்டின்னா கிளட்ச் தேஞ்சிருக்கும், பம்பும் அலுத்துப்போயிருக்கும்.

போய் பாக்கும்போது ஒண்ணு செய்யுங்க. என்ஜின் ஆறிப்போய் இருக்கும்போதே வர்றேன்னு முன்னாடியே சொல்லிடுங்க, போனதும் பானட்ட தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே யாரோ எதையோ மறைக்க ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க. அப்புறம் ஓனரையே ஓட்டச் சொல்லிட்டு நீங்க பக்கத்துல உக்காந்து டேக்கோமீட்டர பாருங்க. ஆயில் சூடாகற வரைக்கும் அதுல அதிக ஆர்பிஎம் பக்கம் இருக்கற எச்சரிக்கை விளக்குங்க எரிஞ்சிட்டே இருக்கும், சூடேற சூடேற ஒவ்வொண்ணா அணையும். அதெல்லாம் அணையறதுக்குள்ளயே மனுஷன் உங்களுக்கு சத்தம் காட்டறேன்னு மிதிச்சார்னா, இத்தனை வருஷமும் இப்படித்தான் ஓட்டியிருப்பார். சர்வீஸ் புக்க பாக்கறத விட இது எனக்கு அதிகமா சொல்லும்.

எல்லாம் சரியா இருந்து, வாங்கற விலையில பாதியாவது கையில தனியா இருந்தா, அதுவும் இது தினசரி வண்டியா இல்லாம ரெண்டாவது வண்டியா இருந்தா, வாங்குங்க. கடன் போட்டு வாங்கறதா இருந்தா வீட்ல சொல்றதுதான் சரி.

கேள்வி: பழைய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், 2003 மாடல். டேஷ்போர்டுல சஸ்பென்ஷன் வார்னிங் வருது. விக்கறவர் "சின்ன சென்சார் பிரச்சினைதான், மாத்தினா சரியாயிடும்"ங்கறார். நம்பலாமா?

பதில்: சின்ன சென்சார்னா அவரே மாத்திட்டு இன்னும் அதிக விலைக்கு வித்திருப்பாரே!

முதல்ல அதுல இருக்கறது ஏர்மாட்டிக்கா ஏபிசியான்னு கேளுங்க, ரெண்டும் வேற வேற. ஏர்மாட்டிக்னா காத்து. சக்கரத்துக்கு மேல வண்டிய தாங்கற ஏதோ ஒரு ஸ்ட்ரட்ல மெல்லிசா லீக் ஆகும், அத ஈடுகட்ட கம்ப்ரஸர் விடாம ஓடும், கடைசியில கம்ப்ரஸரும் எரிஞ்சு போகும், சில சமயம் ரிலேவும் சேர்ந்து. லீக்க விட்டுட்டு கம்ப்ரஸர மட்டும் மாத்தினவங்க கொஞ்ச நாள்ல இன்னொரு கம்ப்ரஸர் வாங்குவாங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலையில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போய் பாருங்க. ஒரு மூலை மட்டும் டயர் மேல உக்காந்திருந்தா விஷயம் புரிஞ்சிடும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி தூக்கி வச்சிட்டு, கழுவி பளபளன்னு நிறுத்தறது விக்கறவங்களோட பழைய வித்தை.

ஏபிசின்னா எண்ணெய். 200 பார் அளவு பிரஷர்ல ஓடற ஹைட்ராலிக் சிஸ்டம், பம்ப், வால்வு பிளாக், அக்யுமுலேட்டர், நீள நீளமா ஹோஸ். வளைவுல வண்டி சாயவே சாயாது, ஓட்டினா அசந்துடுவீங்க. ஆனா ஒரு ஹோஸ் வெடிச்சா நடுரோட்டுல நிக்க வேண்டியதுதான். எஸ்600, அந்த காலத்து சிஎல், எஸ்எல் இதுலெல்லாம் வந்தது. இந்த சிஸ்டத்துல கை வச்ச மெக்கானிக் உங்களுக்கு தெரிஞ்சவரா இல்லன்னா அந்த வண்டி பக்கமே போகாதீங்க.

கேள்வி: ஸ்கேனர் போட்டுப் பாத்தோம், ஒரு ஃபால்ட் கோடு (வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கற கோளாறு எண்) கூட இல்ல. அப்ப வண்டி சுத்தம்தானே சார்?

பதில்: ஒரு கோடு கூட இல்லாத பழைய ஜெர்மன் கார பாத்தா எனக்கு சந்தேகம்தான் அதிகமாகுது. கோடு அழிக்கறது ஒரு பட்டன் வேலை. அழிச்சாங்களான்னு பாக்க அதே ஸ்கேனர்ல ரெடினெஸ் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கு, கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் இதையெல்லாம் வண்டி தானா சோதிச்சு முடிச்சுதான்னு அது காட்டும். கோட அழிச்சாலும் பேட்டரிய கழட்டினாலும் அது எல்லாம் "முடியல"ன்னு ஆயிடும், பல மாதிரி ஓட்டினாதான் திரும்ப முடியும். நல்லா ஓடிட்டு இருக்கற வண்டின்னு சொல்லிட்டு மானிட்டர் எல்லாம் முடியாம இருந்தா, நேத்துதான் யாரோ அழிச்சிருக்காங்க.

கிலோமீட்டரும் அப்படித்தான். மீட்டர்ல திருப்பினவங்க எல்லா கம்ப்யூட்டர்லயும் திருப்ப மறந்துடுவாங்க. கியர்பாக்ஸ் மாட்யூல், லைட் மாட்யூல்னு வேற இடத்துலயும் பதிவு இருக்கும், சில பிஎம்டபிள்யூ சாவியிலயே கிலோமீட்டர் எழுதியிருக்கும். ஆனா ஸ்கேனர் தேஞ்ச பேரிங்க காட்டாது, சிலிண்டர் சுவர்ல விழுந்த கீறல காட்டாது. அதுக்கு சிலிண்டர்ல காத்த அடைச்சு எவ்வளவு கசியுதுன்னு பாக்கற லீக் டவுன் டெஸ்ட், போரஸ்கோப்னு ஒரு குட்டி கேமரா விட்டு உள்ள பாக்கறது, ஆயில லேபுக்கு அனுப்பறதுன்னு தனி வழி இருக்கு. இதுக்கு விக்கறவர் ஒத்துக்கலன்னா காரணம் கேக்க வேண்டாம்.

கேள்வி: போர்ஷே 911, 996 மாடல் சல்லிசா கிடைக்குதே, ஏன்?

பதில்: அந்த வட்ட ஹெட்லைட்ட விட்டுட்டு புதுசா போட்ட முகம் ஒரு காரணம், அது ரசனை. இன்னொண்ணு ஐஎம்எஸ் பேரிங். என்ஜினுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட்ட தாங்கற அந்த சின்ன பேரிங் உடைஞ்சா முழு என்ஜினும் போச்சு. எல்லா வண்டியிலயும் உடையறதில்ல, ஆனா மாத்தினதுக்கு பில் இருக்கற வண்டிக்கு கொஞ்சம் கூடுதலா குடுக்கறது தப்பே இல்ல. கிளட்ச் மாத்தற வேலையோட சேர்த்து செஞ்சா கூலி மிச்சம், எப்படியும் கியர்பாக்ஸ எறக்கணுமே. 996 டர்போ, ஜிடி3ல இருக்கறது வேற என்ஜின், அதுக்கு இந்த கவலை இல்ல, அதனாலதான் அது சல்லிசாவும் இல்ல.

கேள்வி: என் வீட்டுக்காரர் என்கிட்ட கேக்காமலே 2004 ஆடி எஸ்4 வாங்கிட்டு வந்துட்டார், வி8. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது என்ஜினோட பின்பக்கம் கரகரன்னு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துல நின்னுடுது. "எல்லா வி8லயும் அப்படித்தான்"ங்கறார்.

பதில்: எல்லா வி8லயும் அப்படி இல்லம்மா. அந்த 4.2 லிட்டர் என்ஜின்ல டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமா, என்ஜினோட பின்புறம் இருக்கு. செயின புடிச்சிருக்கற கைடு பிளாஸ்டிக், அது உடைய ஆரம்பிச்சா, டென்ஷனர் தளர்ந்தா இந்த சத்தம்தான் வரும். உதிரி பாகம் பெரிய விலை இல்ல, ஆனா அத தொடணும்னா என்ஜினையே வெளிய எடுக்கணும், அங்கதான் காசு கரையுது. செயின் தாண்டிப்போனா வால்வு பிஸ்டன்ல இடிக்கும், அப்புறம் இது எதுக்கும் அர்த்தமில்ல. காலையில அந்த சத்தத்த போன்ல ரெக்கார்டு பண்ணி வையுங்க, ஏன்னா ஒர்க் ஷாப்புக்கு போய் சேர்றதுக்குள்ள நின்னுடும், அங்க "ஒண்ணுமில்லயே"ன்னு அனுப்பிடுவாங்க. பாக்கற வரைக்கும் ஓட்ட வேண்டாம்னு அவர்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. கேக்காம வாங்கினதுக்கு நீங்க என்ன பண்ணப் போறீங்கங்கறதுல நான் தலையிடல!

கேள்வி: எல்லாத்தையும் வேணாம்னே சொல்றீங்களே, வாங்கற மாதிரி ஒண்ணாவது சொல்லுங்கண்ணே.

பதில்: லெக்சஸ் ஐஎஸ் எஃப். 5 லிட்டர் வி8, 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், டர்போ கிடையாது, ஏர் சஸ்பென்ஷன் கிடையாது. சவாரி கல்லு மாதிரி இருக்கும், வாட்டர் பம்ப்பையும் என்ஜின் நடுவுல இருந்து கூலன்ட் லீக் ஆகுதான்னும் பாருங்க, மத்தபடி ஆயில் மாத்திட்டு ஓட்டற வண்டி. ஜெர்மன்தான் வேணும்னா மெர்சிடிஸ் இ55 ஏஎம்ஜி, 476 குதிரை, சூப்பர்சார்ஜ் பண்ண என்ஜின் கெட்டி. ஆனா அதுல எஸ்பிசின்னு கரண்டுல ஓடற பிரேக் இருக்கு, எத்தனை தடவ மிதிச்சீங்கன்னு அதுவே எண்ணி வச்சு, ஒரு அளவு தாண்டினதும் மாத்துன்னு சிவப்பு காட்டும். அந்த எண்ணிக்கைய மெர்சிடிஸ் ஸ்கேனர்ல படிச்சிட்டு விலை பேசுங்க.

கேள்வி: வண்டி வாங்கியாச்சு, ஆல் வீல் டிரைவ். ரெண்டு டயர் மட்டும் சல்லிசா மாத்திக்கலாமா?

பதில்: வேண்டாம். புது டயருக்கும் தேஞ்ச டயருக்கும் சுத்தளவு வித்தியாசப்படும், அந்த வித்தியாசத்த, சக்கரங்களுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரென்ஷியலும்தான் தாங்கணும். நாலையும் ஒண்ணா, ஒரே பிராண்டா மாத்துங்க, ஸ்பீடு ரேட்டிங் கம்பெனி சொன்னதுக்கு கீழ போகாதீங்க. வாங்கறப்ப பக்கவாட்டுல நாலு எண் பாருங்க, 2319ன்னா 2019ஓட 23வது வாரம் தயாரிச்சது. கடைக்காரர் "புதுசு"ன்னு எடுத்து வைக்கறதுல பழைய வருஷம் இருந்தா வேற கேளுங்க.