விளையாட்டு நிலையத்தில் முதலில் கதவடியில் நிற்கிற ஆளைப் பாருங்கள்

டவுன் பக்கம் பிள்ளைகளுக்கென்று உள்ளக விளையாட்டு நிலையங்கள் வரத் தொடங்கியதில் இருந்து, எனக்கு வருகிற கேள்விகளில் நிறைய அவற்றைப் பற்றித்தான். முன்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருக்கிறவள் என்ற முறையில், பெற்றோர் இப்படிக் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். இம்முறை வந்தவற்றில் சிலதுக்குப் பதில்.

மூன்று வயது மகளை முதல் முறையாக ஒரு விளையாட்டு நிலையத்துக்குக் கூட்டிப் போகப் போகிறோம். உள்ளே போனவுடன் எதைப் பார்க்க வேண்டும்?
*ஒரு தகப்பன், பரந்தன்*

கதவடியில் நிற்கிற ஆளைப் பாருங்கள் தம்பி. சறுக்கு எவ்வளவு உயரம், எத்தனை நிறம் என்பதெல்லாம் பிறகு. கூட்டி வந்தவரோடு மட்டும்தான் பிள்ளை வெளியே போகலாம் என்று ஒருவர் பொறுப்பாக நின்று பார்க்கிறாரா? பெயரும் போன் நம்பரும் எழுதுகிறார்களா? காசு வாங்குகிறவரே கதவையும் பார்த்து, தேத்தண்ணியும் போட்டு, பிள்ளைகளையும் பார்ப்பதாகச் சொன்னால், அங்கே பிள்ளைகளை ஒருவரும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெற்றோருக்குப் போட்டிருக்கிற கதிரையில் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். சறுக்கின் மேல் முனையும் கீழ் முனையும் அங்கிருந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கதிரையை இழுத்துப் போடுங்கள். அதற்கு முகம் சுழிக்கிற இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள்.

பிறகு கைக்கு வேலை. வலையையும் தடுப்புகளையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருந்தால் கவனம். சின்னப் பிள்ளையின் உடம்பு கால் பக்கமாக நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். விளையாட்டுக் கருவிகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு வழிகாட்டி இந்த அளவைத்தான் ஆபத்து என்கிறது. பந்துத் தொட்டிக்குள்ளும் கையை அடிவரை விட்டுப் பாருங்கள். மேலே எல்லாப் பந்தும் பளபளவென்றுதான் இருக்கும். அடியில்தான் மண், தலைக் கிளிப், நமுத்த பிஸ்கட், வெடித்த பந்தின் கூர் விளிம்பு எல்லாம் கிடக்கும்.

ட்ரம்போலின் இருந்தால், உங்கள் மகளுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது உகந்ததல்ல என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. ட்ரம்போலின் காயங்களில் முக்கால்வாசி, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் குதிக்கும்போதுதான் நடக்கின்றன. அதிலும் அடிபடுவது பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை.

இன்னொன்று. பிள்ளை பயப்படுகிறாள் என்று மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். அவளுடைய கால் ஓரத்தில் உரசி நிற்கும், உங்கள் பாரமோ நிற்காமல் கீழே போகும். முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவது இப்படித்தான். பக்கத்தில் நின்று கையைப் பிடியுங்கள், அல்லது சின்னச் சறுக்கில் தனியாக விடுங்கள்.

ஒரு மணித்தியாலம் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு பேங்குக்குப் போய் வரலாமா?
*ஒரு தாய், கிளிநொச்சி*

கூடாது. அது விளையாடுகிற இடம், பகல் பராமரிப்பு நிலையம் இல்லை. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இளம் ஆட்கள். உங்கள் மகனுக்கு எந்தச் சாப்பாடு ஒவ்வாது, வலிப்பு வந்திருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. தவிர்க்க முடியாவிட்டால் மாமியையோ சித்தியையோ கூட இருத்திவிட்டுப் போங்கள். பிள்ளையின் அக்கா என்று பத்து வயதுப் பிள்ளையை இருத்துவது கணக்கில் சேராது, அவளும் விளையாட வந்தவள்தான்.

எங்கள் பிள்ளைகள் குளக்கட்டிலும் மணலிலும் விளையாடித்தான் வளர்ந்தார்கள். இப்போது மருமகள் காசு கட்டி விளையாட வைக்கிறாள். இது தேவையா?
*ஒரு பேத்தி, ஒரு பேரனின் அப்பம்மா, மல்லாவி*

பாதிக்கு மேல் உங்கள் பக்கம்தான் நியாயம் அம்மா. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாடி இருக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மாதத்தில் ஒரு தடவை டவுனுக்குப் போய் ஒரு மணித்தியாலம் குதித்தால் இது நிரம்பாது. வளவில் மண் கிண்டுவதும், கொய்யா மரத்தில் ஏறுவதும், கோழி துரத்துவதும்தான் இதை நிரப்பும். வேறு எதுவும் நிரப்பாது.

ஆனால் மருமகளின் பக்கத்தையும் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியாது. கார்த்திகை, மார்கழி மழையில் வளவே வெள்ளம். மிதிவெடிப் பயம் இன்னும் விட்டுப் போகாத பக்கங்களில் பிள்ளையைக் காணிக்குள் அவிழ்த்துவிட எந்தத் தாய்க்கும் மனம் வராது. இன்னொன்றும் இருக்கிறது. இன்றைக்கு வன்னியில் தாய், தகப்பனாக இருக்கிறவர்களில் பலருடைய சின்ன வயது இடம்பெயர்விலும் கூடாரத்திலும் போனது. தனக்குக் கிடைக்காத ஒன்றைப் பிள்ளைக்குக் காட்ட அவர்கள் நினைப்பதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். இடையிடையே போகட்டும். மற்ற நாட்களுக்கு உங்கள் மணல் இருக்கிறது.

போய் வந்து நாலைந்து நாளில் மகனுக்குக் காய்ச்சல், வாய்க்குள் புண், உள்ளங்கையில் கொப்புளம். விளையாடிய இடத்தில் இருந்து தொற்றியதா? இனிமேல் போகாமல் விடுவதா?
*ஒரு தாய், புதுக்குடியிருப்பு*

நீங்கள் சொல்வது கை, கால், வாய் நோய் போல இருக்கிறது. நோய் வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள் எடுக்கும் என்பதால் அங்கே தொற்றியிருக்கலாம். முன்பள்ளியிலும் தொற்றியிருக்கலாம். வைத்தியரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். நம் பக்கத்தில் மழைக்குப் பின் காய்ச்சல் என்றாலே டெங்குவையும் நினைக்க வேண்டும். கை, கால், வாய் நோய் என்றால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு கிழமை, பத்து நாளில் தானாக மாறும். புண் நோவில் தண்ணீர் குடிக்க மறுப்பதுதான் சிக்கல். இளநீர், ஆறிய கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சலம் போவது குறைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போகாமல் விட வேண்டியதில்லை, பழக்கத்தை மாற்றினால் போதும். இந்த வைரஸுக்கும் வயிற்றோட்டம் கொண்டுவருகிற சில வைரஸ்களுக்கும் கையில் தடவுகிற சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும். விளையாடி முடிந்ததும், பிஸ்கட் பக்கற்றை உடைக்க முதலே, கை கழுவுங்கள். மகனுக்கு மாறிய பிறகும் சில கிழமைகளுக்கு மலத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். அதனால் பம்பர்ஸ் மாற்றுகிற உங்கள் கையையும் கழுவ வேண்டும்.

நிலையம் நடத்துகிறவர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் ஈரத்துணியால் துடைப்பது போதாது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கைக் கழுவி எடுங்கள். பிறகு குளோரின் ப்ளீச். போத்தலில் 5 வீதம் என்று போட்டிருந்தால், 20 மில்லிலீற்றரை எடுத்துத் தண்ணீர் சேர்த்து ஒரு லீற்றர் ஆக்குங்கள். பூசிப் பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அந்த ப்ளீச்சைக் கழிப்பறை கழுவுகிற அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். பந்துகளை வலைப் பையில் கட்டி முக்கி எடுத்து வெயிலில் காய வையுங்கள். காய்ந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். நாள் கணக்கில் நம்முடைய வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் முறுகி வெடிக்கும்.

ஏ9 வீதியோரம் தகரக் கூரை போட்ட பழைய களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு விளையாட்டு நிலையம் தொடங்க யோசிக்கிறேன். பெற்றோர் உண்மையில் எதை எதிர்பார்க்கிறார்கள்?
*ஓர் இளைஞர், மாங்குளம்*

நல்ல யோசனை தம்பி, ஆனால் கூரையில் இருந்து தொடங்குங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஓர் ஏணி வைத்து, மேல் தட்டு வரப்போகிற உயரத்துக்கு ஏறி, அங்கே கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். சூடு மேலேதான் தேங்கும். கீழே பான் காற்றில் நிற்கிற உங்களுக்கு அது தெரியாது. மேலே வலைக்குள் ஓடுகிற பிள்ளை முகம் சிவந்து இறங்கி வருவான். தகரத்துக்குக் கீழே வெப்பம் தடுக்கிற தாள் அடித்துச் சீலிங் போடுங்கள். மோட்டுப் பக்கம் சூடு வெளியேற வழி விடுங்கள். குடிதண்ணீர் இலவசமாக வையுங்கள். தண்ணீருக்குக் காசு வாங்குகிற இடத்துக்குத் தாய்மார் இரண்டாம் முறை வர மாட்டார்கள்.

மேல் தட்டில் நிற்கிற பிள்ளையின் கை சீலிங் பானுக்கு எட்டுமா என்றும் அளந்து பாருங்கள். பெரியவர் நிலத்தில் நின்று பொருத்துவதால் இதை யாரும் யோசிப்பதில்லை. சுவரில் பொருத்துகிற, கூடு போட்ட பான் நல்லது. வயரிங் முழுவதுக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். பிளக் பொயின்ற் எல்லாம் பிள்ளைகளின் கைக்கு மேலே.

நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிற ஒன்று, இரண்டாவது கதவு. மெத்தைக்குள் இருக்கிற ஸ்பொஞ்ச் தீப்பிடித்தால் சில நிமிடங்களில் கறுத்த நச்சுப் புகை நிரம்பிவிடும். பிள்ளைகள் பயத்தில் குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். அதனால் பின்பக்கம் வெளிப்புறமாகத் திறக்கிற ஒரு கதவு வேண்டும். திறந்திருக்கிற நேரத்தில் அதில் ஆமைப்பூட்டு தொங்கக் கூடாது. குழாய்க்குள் பெரியவர் ஒருவர் தவழ்ந்து போகக்கூடிய அகலமும் வேண்டும்.

இனி பெற்றோரின் எதிர்பார்ப்பு. என்னிடம் பேசுகிற தாய்மார் அதிசயமான விளையாட்டு எதையும் கேட்பதில்லை. ஒட்டுசுட்டானில் இருந்தோ துணுக்காயில் இருந்தோ பஸ் ஏறி வருகிற ஒருத்தி, கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, முதுகு சாய்கிற ஒரு கதிரையில் இருந்தபடி மூத்த பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைப்பு, தாழ்ப்பாள் விழுகிற சுத்தமான கழிப்பறை, பிள்ளை உயரத்தில் ஒரு பைப், இவ்வளவும் கேட்கிறாள். இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பத்து வயதுப் பையன்கள் மிதிக்காமல் இருக்கத் தனி இடம் கேட்கிறாள். காசு விஷயம் வாசலிலேயே பெரிதாக எழுதியிருக்க வேண்டும் என்கிறாள். காலில் போடுகிற மேசுக்குத் தனிக் காசு, கூட வந்த பெரியவருக்குத் தனிக் காசு என்று உள்ளே போன பிறகு சொன்னால், பிள்ளைக்கு முன்னால் திரும்பிப் போகவும் முடியாமல் அவள் படுகிற சங்கடம் கொஞ்சமில்லை.

இதில் எதுவும் பெரிய செலவில்லை. கருவிகளில் ஒன்றைக் குறைத்து, அந்தக் காசுக்கு இன்னொரு ஆளை வேலைக்கு எடுங்கள். தொடங்க முதல் பிரதேச சபையிலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் (பி.எச்.ஐ.) பேசிவிடுங்கள்.

ஐந்து வயது மகனுக்கு ஓட்டிசம். சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். மற்றவர்கள் பார்க்கிற பார்வையில் நான் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவனுக்கு இப்படியான இடம் சரிவராதா?
*ஒரு தாய், வவுனியா*

சரிவரும் தங்கச்சி. நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். பள்ளிக்கூட நாளில், காலையில் திறந்தவுடன் போங்கள். அப்போது ஆட்கள் குறைவு. முதல் நாளே போன் எடுத்து, நாங்கள் வருகிற நேரம் பாட்டை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் பலர் செய்வார்கள். இடத்தின் படங்களை வீட்டிலேயே காட்டி வையுங்கள். முதல் தடவை இருபது நிமிடம் போதும், அவன் அழுது களைக்க முதல், சந்தோஷமாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். பந்துகளுக்குள் புதைந்து கிடப்பது இப்படியான பிள்ளைகள் பலருக்கு உடம்பை அமைதிப்படுத்தும். ஒரு மணித்தியாலமும் அங்கேயே கிடந்தாலும் விடுங்கள், அதுவும் விளையாட்டுத்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கதவு திறந்தால் ஓடிவிடுவான் என்பதை மட்டும் கதவடியில் நிற்கிறவரிடம் முதலே சொல்லிவையுங்கள்.

விளையாடுவது ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைகள் சாசனத்தின் 31ஆவது உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிப்படுத்திய நாடு. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நீங்கள் வெளியே வர வேண்டியதில்லை.

பிள்ளையின் பஞ்சாயுதச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலில் கட்டிய நூலையுமா கழற்றுவது?
*ஒரு தாய், நெடுங்கேணி*

அவர்கள் சொன்னது சரி. கழுத்தில் கிடக்கிற எதுவும் சறுக்கின் விளிம்பிலோ வலையிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். சங்கிலி, முன்பள்ளி அடையாள அட்டை நாடா, தொப்பிக் கயிறு எல்லாமே கழற்ற வேண்டும். கழுத்து நூலையும் கழற்றிக் கைப்பையில் வையுங்கள், திரும்பி வந்து கட்டலாம். கையில் ஒட்டிக் கட்டிய நூல் இருக்கட்டும்.

விழுந்து தலையில் அடிபட்டால் என்ன செய்வது? தேத்தண்ணி கொடுத்துப் படுக்க வைக்கலாமா?
*ஒரு தகப்பன், விசுவமடு*

உடனே அழுது, கொஞ்ச நேரத்தில் பழையபடி விளையாடப் போனால் பெரும்பாலும் பயமில்லை. குளிர்ந்த துணியை வைத்து, அடுத்த 24 மணித்தியாலமும் கவனியுங்கள். நித்திரை கொள்ளலாம், ஆனால் இடையில் எழுப்பினால் வழமைபோல எழும்ப வேண்டும். சிறிது நேரமாவது நினைவு தவறினால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், மூக்காலோ காதாலோ தெளிந்த நீரோ இரத்தமோ வந்தால், எழுப்பக் கஷ்டமாக இருந்தால் ஆஸ்பத்திரிதான். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். கழுத்து நோகிறது என்று சொல்கிற பிள்ளையைத் தூக்காதீர்கள். ஓட்டோவில் ஏற்றாமல் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். போகிற அவசரத்திலும், என்ன உயரத்தில் இருந்து, எதன் மேல் விழுந்தான் என்பதை நிலையத்தில் நின்று பார்த்தவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.