ஐந்து வயதுக்கு நாலு கிளாஸா?

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். ஐந்து வயது மகளை வாய்ப்பாட்டு, கீபோர்டு, அபாகஸ், டிராயிங் நான்கிலும் சேர்த்திருக்கிறோம். வீட்டில் எப்போதும் பாடிக்கொண்டே இருப்பவள், பாட்டு கிளாஸுக்குக் கிளம்பினால் மட்டும் அழுகிறாள். இப்போது விட்டால் அப்புறம் வராது என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: பாட்டை விடாதீர்கள், மற்ற மூன்றையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். கீபோர்டில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நெளிவு, எளிதில் வராது, கர்நாடக சங்கீதம் பழகும் பிள்ளைக்கு இப்போது அது தேவையே இல்லை. அபாகஸ் எங்கேயும் ஓடிப்போகாது. டிராயிங்குக்கு வீட்டில் பேப்பரும் கிரேயானும் போதும்.

வீட்டில் பாடுகிறவள் அங்கே அழுகிறாள் என்றால் சிக்கல் பாட்டில் இல்லை, அந்த வகுப்பில்தான். ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு ஒருநாள் முழு வகுப்பும் உட்கார்ந்து பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்களா, சுருதி அவள் குரலுக்கு ஒத்துவருகிறதா என்று கவனியுங்கள். எல்லோருக்கும் ஒரே கட்டை, அதாவது ஒரே சுருதி அளவு, என்று வைத்துவிட்டால் சின்னக் குழந்தை மேல் ஷட்ஜத்தில் (மேல் 'ஸ'வில்) கத்தும், இல்லை கீழே குரலே எழும்பாது, இரண்டிலும் தனக்குப் பாட வரவில்லை என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சி, கையில் ஆதி தாளம் எட்டு அட்சரம் (எண்ணிக்கை), அதையே மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், அதுவும் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு! ஐந்து வயதுக்கு இது ரொம்ப அதிகம். முதலில் சின்னச் சின்ன நாமாவளிகளைச் சொல்லிக்கொடுத்து, அரைமணியில் அனுப்பிவிடுகிற ஆசிரியர் உங்கள் அடுக்ககத்திலோ பக்கத்துத் தெருவிலோ இருந்தால் அவரிடமே சேருங்கள். டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போகிற குழந்தைக்கு எந்தப் பெரிய வித்வானிடமும் பாட்டு ஏறாது.

உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் ஏழெட்டு வயதில் ஆரம்பித்து நன்றாகப் பாடுகிறவர்கள் எத்தனையோ பேர். இந்த வயதில் காதுதான் முக்கியம். வீட்டில் போனில் சுருதி ஒலிக்கும் தம்புரா ஆப்பைப் போட்டுவிட்டுத் தினமும் பத்து நிமிடம் நீங்களும் அவளோடு பாடுங்கள். 1939லிருந்து ராமநவமிக் கச்சேரிகள் நடத்தி வரும் ராமசேவா மண்டலி, சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் அவற்றை நடத்துகிறது, ஒரு மாலை கூட்டிப்போங்கள், அவள் போதும் என்றதும் எழுந்து வந்துவிடுங்கள். முக்கியமாக, வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் "ஒரு பாட்டுப் பாடு கண்ணா" என்று நிறுத்தி வைக்காதீர்கள், வாட்ஸ்அப்புக்கு வீடியோவும் வேண்டாம்.

புது இடத்தில் வருடக் கட்டணம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். மாதாமாதமே கட்டுங்கள்.