கணக்கு நோட்டில் இல்லாத மகன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. ஒன்பது வயதில் என் தந்தை வீட்டை விட்டுப் போனார். பெரிய சண்டை எதுவும் நடந்ததாக நினைவில்லை. வேறோர் ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிச் சென்றவர் இரண்டு ஆண்டுகள் பணம் அனுப்பினார். பிறகு அதுவும் நின்றது. அவர் உயிரோடு இருக்கிறார், தனியாகவே வாழ்கிறார் என்று உறவினர் வழியாக எப்போதாவது காதில் விழும். நானும் தேடிப் போகவில்லை, அவரும் வரவில்லை. சென்ற ஆண்டு இறந்துபோனார். தகவல் எனக்கு எட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓர் அட்டைப்பெட்டியை அனுப்பிவைத்தார். அதில் ஒரு மூக்குக்கண்ணாடியும் மருந்துச் சீட்டுகளும் ஒரு கட்டு கணக்கு நோட்டுகளும் இருந்தன. தினமும் செலவு எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டேன். என் பெயரோ அம்மாவின் பெயரோ எங்குமே இல்லை. ஆனால் சில ஆண்டுகளில், நான் பிறந்த மாதத்தில், 'தபால் உறை 1' என்று ஒரு வரி இருக்கிறது. எங்களுக்குக் கடிதம் எதுவும் வந்ததில்லை. சில பக்கங்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அவர் போன அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை ஆண்டுகள் அந்தக் காட்சியை வைத்துக்கொண்டுதான் அவரை நினைத்து வந்தேன். அண்மையில் அம்மாவிடம் சொன்னபோது, "அவர் போனது விடியற்காலையில், நீ தூங்கிக்கொண்டிருந்தாய்" என்றார்.

அவர் பக்க நியாயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அப்படி நினைப்பதே என்னைத் தனியாளாக வளர்த்த அம்மாவுக்குச் செய்யும் துரோகமோ என்றும் தோன்றுகிறது. கூட வாழாத ஒருவரை, அவர் இறந்த பிறகு, புரிந்துகொள்ள முடியுமா? அந்த நோட்டுகளை அம்மாவிடம் காட்டலாமா?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

பொதுவில் பதில் எழுதச் சம்மதித்ததற்கு நன்றி. உங்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டேன். நான் உளவியல் நிபுணன் அல்லன். மனிதர்களைக் கவனித்து எழுதுபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

'அவர் பக்க நியாயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குற்றவுணர்வு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். நியாயத்தைத் தேடத் தொடங்கிய கணமே நீங்கள் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறீர்கள். அம்மா வாதியாகவும் இறந்தவர் பிரதிவாதியாகவும் ஆகிவிடுகிறார்கள். ஒருவருக்குச் சாதகமாகச் சொன்னால் அது மற்றவருக்குப் பாதகமாகத்தான் முடியும். பதினோரு வயதுப் பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் அனுப்பிவந்த பணத்தை ஒரு சொல்கூடச் சொல்லாமல் நிறுத்தியதற்கு நியாயம் எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை நான் தயங்காமல் சொல்வேன், நீங்களும் சொல்லலாம். சொல்லிவிட்ட பிறகும் அந்த மனிதர் யார் என்ற கேள்வி அப்படியே மிச்சமிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் அம்மாவிடமிருந்து நீங்கள் எதையும் பறிக்கவில்லை.

உங்கள் துயரத்துக்கு ஒரு தொடக்க நாள் இல்லை என்பதையும் கவனித்தேன். அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் 1970களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். இறந்துவிட்டார் என்று அழவும் முடியாமல், வருவார் என்று காத்திருக்கவும் முடியாமல் அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் உறைந்து நின்றதைக் கண்டு அதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். ஆள் இல்லை, ஆனால் மனத்தில் இருக்கிறார் என்பது அதில் ஒரு வகை. ஆள் இருக்கிறார், மனத்தால் இல்லை என்பது இன்னொரு வகை. சொல்லப்போனால் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு மனத்தால் விலகி நின்ற தந்தையரைக் கவனித்ததிலிருந்துதான் அவருடைய சிந்தனையே தொடங்கியது. உங்களுடையது முதல் வகை. முப்பத்துமூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்த இழப்பின் மேல் சென்ற ஆண்டு மரணம் என்ற இழப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் இறந்த செய்தி கேட்டு அழுகை வரவில்லையே என்றோ, ஏன் இவ்வளவு வந்தது என்றோ உங்களை நீங்களே விசாரித்துக்கொள்ள வேண்டியதில்லை.

கூடவே இருக்கும் தந்தை நம் கண்முன்னால் நாள்தோறும் சிறுத்துக்கொண்டே வருகிறார். ஐந்து வயதில் எல்லாம் வல்லவராகத் தெரிந்தவர் பதினைந்து வயதில் மேலதிகாரியிடம் குழைந்து பேசுவதைப் பார்க்கிறோம். சொன்னதையே திரும்பச் சொல்வதைக் கேட்கிறோம். ஒரு கட்டத்தில் அவரும் நம்மைப் போல ஒருவர்தான் என்று சமாதானமாகிவிடுகிறோம். குழந்தைகள் தங்கள் உண்மையான பெற்றோர் வேறு எங்கோ இருக்கும் மேலானவர்கள் என்று கற்பனை செய்துகொள்வதைப் பற்றி உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் பிராய்ட் 1909இல் எழுதினார். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கற்பனையை அன்றாட வாழ்க்கையே கரைத்துவிடும். உங்கள் வீட்டில் கரைக்க ஆள் இல்லை. ஆகவே அவர் ஒன்பது வயதுச் சிறுவன் அண்ணாந்து பார்த்த உயரத்திலேயே நின்றுவிட்டார். சிலருக்கு அந்த உருவம் தியாகியாகும், சிலருக்கு அரக்கனாகும். இரண்டும் ஒரே அளவுக்குப் பெரியவை என்பதால் இரண்டிலும் மனிதன் தென்படுவதில்லை.

வாசல் காட்சியைப் பற்றி. 1995இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் வெளியிட்ட ஒரு சோதனையில் 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயது நிகழ்ச்சிகள் நான்கைக் கொடுத்தார்கள். மூன்று உண்மையானவை, உறவினர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. நான்காவது, வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாகச் சொல்லும் புனைவு. ஏறத்தாழ கால்வாசிப் பேர் நடக்காத அந்த நிகழ்ச்சியை முழுமையாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தார்கள். உங்களுக்கு யாரும் புனைந்து தரவும் இல்லை. வேறொரு நாள் அவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது அந்த விடியற்காலையின் இடத்தில் வந்து அமர்ந்திருக்கலாம். அம்மாவின் நினைவும் நினைவுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் சொல்வது சரி என்று தீர்த்தாக வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் காட்சியைத் தந்தையைப் பற்றிய சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று உங்களிடம் இருக்கப்போவதில்லை.

இனி நோட்டுகள். நீங்கள் அனுப்பிய படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் பெயர் இல்லை என்பதையே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், இயல்புதான். நான் அயலான் என்பதால் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு பக்கத்தில் கூட்டுத்தொகையை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்திலேயே திருத்திய தொகையை எழுதி, ஓரத்தில் 'கூட்டல் பிழை' என்று குறித்து, அதன்கீழ் சுருக்கொப்பமும் இட்டிருக்கிறார். இன்னொரு பக்கத்தில் 'கண்ணாடிக் காம்பு ஒட்ட' என்று ஒரு செலவு. மூன்று வாரம் கழித்து அதே செலவு மறுபடியும். தனியாக வாழ்ந்த மனிதர் அவர். அந்தக் கணக்கை யாரும் தணிக்கை செய்யப் போவதில்லை. இருந்தும் பிழையைத் திருத்திக் கையொப்பம் இடுகிறார்.

குடும்பத்துக்குத் தர வேண்டியதைத் தராமல் விட்ட அதே கைதான் சில்லறைக்குக் கணக்கு எழுதியிருக்கிறது. இதைப் பார்த்ததும் போலி என்று ஒருவர் சொல்லக்கூடும். உள்ளுக்குள் வருந்தியிருக்கிறார் என்று இன்னொருவர் சொல்லக்கூடும். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற பொறுப்பை மட்டும் அவரால் தாங்க முடிந்தது, அதற்கு மேற்பட்டதைத் தாங்க முடியவில்லை என்றே எனக்குப் படுகிறது. சின்ன விஷயங்களில் அப்பழுக்கில்லாமல் இருந்து பெரிய விஷயத்தில் தவறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். (நேர்மாறானவர்களையும் பார்த்திருக்கிறேன்; அவர்களோடு குடித்தனம் நடத்துவதும் எளிதன்று.)

அப்படிப்பட்டவர் ஏன் திரும்பி வரவில்லை? இது என் ஊகம்தான். போனதை வேண்டுமானால் ஒரு முடிவு என்று சொல்லலாம். வராமல் இருந்ததை அப்படிச் சொல்ல முடியுமா என்பது ஐயம். ஒரு மாதம் பணம் அனுப்ப முடியாமல் போகிறது. அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார். அடுத்த மாதம் இரண்டு மாதத்துக்கான தொகையோடு, அனுப்பாமல் விட்டதற்கான விளக்கமும் தேவைப்படுகிறது. ஆறு மாதம் ஆனபின் வெறுமனே பணத்தை அனுப்ப முகமில்லை, நேரில் போய்த்தான் ஆக வேண்டும். இரண்டு ஆண்டு ஆனபின் வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. பத்து ஆண்டு ஆனபின், தான் இல்லாமலே அவர்கள் வாழப் பழகியிருப்பார்கள், இனிப் போனால் தொந்தரவு என்று தனக்குத் தானே ஒரு பெருந்தன்மையைக் கற்பித்துக்கொள்கிறார். ஒவ்வொரு நாளும் எடுத்த முடிவு 'இன்று வேண்டாம்' என்பது மட்டும்தான். நீங்கள் முப்பது ஆண்டுகளாக ஒரு பெரிய காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய காரணம் எதுவும் இல்லாமலே ஒரு வாழ்க்கை இப்படிப் போய்விடக்கூடும் என்பதற்கும் மனத்தில் கொஞ்சம் இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அதுதான் ஏற்றுக்கொள்ளக் கடினமானதாக இருக்கும்.

அந்தத் தபால் உறை விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ஆண்டுதோறும் மகனின் பிறந்த மாதத்தில் உறை வாங்கி, கடிதம் எழுதி, அனுப்பாமல் கிழித்துப்போட்ட தந்தையை நானும் ஒரு நொடி பார்த்தேன். கதை எழுதுகிறவனுக்கு அது உடனே வந்துவிடும். ஆனால் அந்த வரி அவ்வளவு சொல்லவில்லை. அந்த மாதத்தில் அவர் ஓர் உறை வாங்கினார், அவ்வளவே. மற்ற மாதங்களில் உறை வாங்கியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய ஏதோ ஒன்றின் தவணையும் அதே மாதத்தில் வந்திருக்கலாம். உங்களை நினைத்திருக்க மாட்டார் என்று சொல்லவில்லை. அவரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், உங்களுக்கு ஆறுதல் தருகிற வாசிப்பைத்தான் மற்ற எதையும்விடக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

இறந்தவரைப் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா 1919 நவம்பரில் தன் தந்தைக்கு நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் ஒரு கடிதம் எழுதினார். அதைத் தாயிடம் கொடுத்ததாகவும், அவர் தந்தையிடம் சேர்க்காமல் திருப்பித் தந்துவிட்டதாகவும் நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார். காஃப்காவின் தந்தை எங்கும் போய்விடவில்லை. ஒரே வீட்டில் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு இருந்தவர். ஆகவே காஃப்காவின் மனக்குறைகளுக்கும் உங்களுடையவற்றுக்கும் தொடர்பில்லை. நான் சொல்லவந்தது கடிதத்தின் இறுதிப் பகுதியை. அவ்வளவு குற்றச்சாட்டுகளையும் அடுக்கிவிட்டு, இவற்றுக்கெல்லாம் தந்தை என்ன பதில் சொல்வார் என்பதையும் காஃப்காவே எழுதுகிறார். அந்தப் பதில் மென்மையானதாக இல்லை. நீ ஓர் ஒட்டுண்ணி என்னும் அளவுக்கு மகனைச் சாடுகிறது. தன்னை வெல்லக்கூடிய வாதத்தை எதிராளியின் வாயில் வைக்கும் அந்தத் துணிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அது தானாகவே வந்துவிடும். பிறகு அவருடைய பதிலை எழுதுங்கள். அதில் அவர் மன்னிப்புக் கேட்டு அழக் கூடாது. அந்த நோட்டில் கூட்டலைத் திருத்திய ஆள் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேச வேண்டும். சில வரிகளிலேயே பேனா நின்றுவிடும் என்று நினைக்கிறேன். அவர் எதற்குச் சிரிப்பார், யாருக்குப் பயப்படுவார், எதைக் கேட்டால் எழுந்து போய்விடுவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. நின்ற இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, தெரிந்தவர்களிடம் போய்க் கேளுங்கள்.

கேட்கும்போது, ஏன் போனார் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் பல ஆண்டுகளாகத் தயார்நிலையில் ஒரு பதில் இருக்கும். அதைச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வார்கள். நீங்கள் பிறப்பதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். வேலையிலிருந்து வந்ததும் முதலில் என்ன செய்வார், கடன் கேட்கத் தெரியுமா, தன் தந்தையிடம் எப்படிப் பேசினார் என்று கேளுங்கள். அத்தை ஒன்று சொல்வார், கூட வேலை பார்த்தவர் அதற்கு முற்றிலும் மாறாக வேறொன்று சொல்வார். இரண்டையும் சேர்த்து நடுவே ஒரு மனிதரை உருவாக்க முயல வேண்டாம். அத்தையின் முன்னால் ஒருவராகவும் நண்பரின் முன்னால் இன்னொருவராகவும் அவர் இருந்திருப்பார், நாம் எல்லோரும் இருப்பதைப் போல. இதைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். அவரை இளைஞராகப் பார்த்தவர்களுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

அம்மாவிடம் நோட்டுகளைக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவரிடமிருந்து மறைக்க வேண்டாம், அவர் முன்னால் கொண்டுபோய் விரித்து வைக்கவும் வேண்டாம். பெட்டி வந்தது, அதில் இன்னின்னவை இருந்தன, நோட்டுகளை நான் படித்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் மகனாக அவரை இழந்தீர்கள். அம்மா இழந்தது வேறு. அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது குறைவு. பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டால் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் பெட்டியை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவர் எப்போது மனம் மாறிக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்படி.

அன்புடன்.