வாசகர் கேள்வி பதில்: ஃபுவென்ஹிரோலாவில் நாடுகளின் திருவிழா

கேள்வி: ஸ்பெயினின் கோஸ்டா டெல் சோல் கடற்கரையில் உள்ள ஃபுவென்ஹிரோலாவில் பல நாட்டவர் கூடும் திருவிழா நடக்கிறதாமே, அது அக்டோபரிலா? நுழைவுக் கட்டணம் உண்டா?

அக்டோபர் 6 முதல் 12 வரை நடப்பது வேறு. அது ஊரின் காவல் தெய்வமான ரொசாரியோ மாதாவின் விழா. இரண்டும் ஒரே மைதானத்தில் நடப்பதால் பலரும் குழம்புகிறார்கள். நீங்கள் கேட்கும் ‘ஃபெரியா தெ லோஸ் புவெப்லோஸ்’ மே 1-ஐ ஒட்டிச் சில நாட்கள் நடக்கும். நகராட்சியே நடத்துகிறது, நுழைவு இலவசம். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால், நகராட்சி அறிவிப்பு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

மே 1 ஸ்பெயின் முழுக்கப் பொது விடுமுறை. சூப்பர் மார்க்கெட்டுகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். குழந்தைக்கு வேண்டிய பால், டயப்பரை முந்தின நாளே வாங்கிவிட வேண்டும். அந்த நாள் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் ஸ்பானியர்களே கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள், கடைசி நேரத்தில் அறை தேடினால் அகப்படாது.

கேள்வி: குழந்தைகளோடு எத்தனை மணிக்குப் போவது நல்லது?

மதியம் 1 மணி. நம் வழக்கப்படி ‘வெயில் தாழட்டும்’ என்று காத்திருந்தால் கணக்கு தப்பிவிடும். மே மாதத் தொடக்கத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு 9 தாண்டிவிடும், ஊர்க்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதும் அதற்குப் பிறகுதான். ‘கஸேட்டா’ என்பது ஒவ்வொரு நாட்டுக்குமான கொட்டகை. சமையல், பானம், கைவினைப் பொருள், மேடை எல்லாம் அதற்குள்ளேயே. பகலில் போனால் நடனத்தை நின்று பார்க்கலாம், சமைப்பவரிடம் பேச்சும் கொடுக்கலாம். இரவு ஏறிய பிறகு பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகளின் இசை ஒன்றின்மேல் ஒன்று மோதும், தள்ளுவண்டியை நகர்த்த முடியாது. சனிக்கிழமை இரவைத் தவிர்த்துவிடுங்கள். கடற்காற்று இரவில் குளிரும், மெல்லிய ஸ்வெட்டர் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினியா?

இல்லை. ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள். ஆனால் ஸ்பானிஷ் பேச்சு வழக்கில் ‘கார்னே’ என்றதும் மாடும் பன்றியும்தான் நினைவுக்கு வரும். டூனா மீனும், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான ஹமோனின் துணுக்குகளும் தட்டில் வந்துவிடலாம். கொடுப்பவர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது ‘கார்னே’ அல்ல. அதனால் ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’ என்று இறைச்சி, கோழி, மீன், ஹமோன் நான்கையும் அடுக்குங்கள். முட்டையும் ஆகாது என்றால் ‘சின் வேவோ’.

அடுத்தது கொழுப்பு. மெக்சிகோவின் பீன்ஸ் மசியலையும், தமாலே என்னும் அவித்த சோளக் கொழுக்கட்டையின் மாவையும் பன்றிக்கொழுப்பு சேர்த்துச் செய்வது பழைய வழக்கம். ‘மன்தேகா?’ என்று கேளுங்கள். இதில் ஒரு வேடிக்கை: ஸ்பெயினில் மன்தேகா என்றால் பன்றிக்கொழுப்பு, அர்ஜென்டினாக்காரருக்கு அதே சொல் வெண்ணெய்! அவர்கள் கொட்டகையில் ‘கிராசா’ என்று கேட்க வேண்டும்.

அங்கே ப்ரொவொலேட்டா கிடைத்தால் ஓரிகானோ தூவிச் சுட்ட தடித்த சீஸ் வட்டம் வரும். ஓரம் மொறுமொறுவென்றும் நடு இளகியும் இருக்கும்போதே சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர். சிறு இரும்புச் சட்டியில் சுட்டால் வாங்கலாம். கம்பியின் மேல் நேரடியாகப் போட்டால் பக்கத்தில் சுடும் சோரிசோ என்னும் பன்றித் தொத்திறைச்சியின் கொழுப்பு வந்து ஒட்டும். உருளை வறுவலிலும் இதே சிக்கல்தான், கணவாய் பொரித்த எண்ணெயாக இருக்கலாம். எல்லாவற்றிலும் நம்பகமானது வெனிசுவேலா, கொலம்பியா அரேப்பா. சோளமாவு ரொட்டியைக் கண்ணெதிரே கல்லில் சுட்டு, பிளந்து, நீங்கள் சொல்வதை வைத்துத் தருவார்கள். ‘சோலோ கேசோ’ என்றால் சீஸ் மட்டும். பிரேசிலின் சீஸ் உருண்டையில் மரவள்ளி மாவோடு முட்டையும் உண்டு.

இரண்டு பேருக்கு ஒரு தட்டு என்று வாங்குங்கள். முதல் கொட்டகையிலேயே வயிற்றை நிரப்பினால் மற்றதெல்லாம் வேடிக்கை பார்க்கத்தான்.

கேள்வி: மலகாவில் தங்கினால் போய்வர முடியுமா?

தாராளமாக. மலகா நகரிலிருந்து விமான நிலையம் வழியாக வரும் சி-1 ரயிலுக்கு ஃபுவென்ஹிரோலாதான் கடைசி நிலையம். பயணம் முக்கால் மணி நேரம். பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தடம் என்பதால் 20 நிமிடத்துக்கு ஒன்றுதான். டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், வெளியேறும் கதவுக்கும் அது வேண்டும்.

திருவிழா முடியும் முன்பே ரயில் நின்றுவிடும். போய் இறங்கியதும் நிலையப் பலகையில் கடைசி வண்டி நேரத்தைப் படம் எடுத்து வையுங்கள், தவறவிட்டால் டாக்சிதான். திரும்பும்போது கடைசி நிலையத்துக்கே நடந்து போய் ஏறுங்கள். அடுத்த நிறுத்தமான லோஸ் போலிச்செஸில் ஏறுபவர்கள் நின்றுகொண்டுதான் வருவார்கள்.

கேள்வி: கார்டு போதுமா?

சில்லறை யூரோ கொஞ்சம் இருக்கட்டும். கார்டு இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்திலா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பதுதான்.

கேள்வி: கூட்டத்தில் பர்ஸ் போனால்?

அவசரத்துக்கு எண் 112. காவல் நிலையத்தில் ‘தெனுன்சியா’ என்னும் எழுத்துப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அது இல்லாமல் பயணக் காப்பீட்டில் பணம் கேட்பது கடினம். பாஸ்போர்ட்டின் நகலைத் தனியாக வேறு பையில் வையுங்கள்.