கீறல் விழுந்த ஹெல்மெட்

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் மணல் வழுக்கி விழுந்தேன். ஹெல்மெட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். தொடர்ந்து போடலாமா? இதையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே மோதிப் பார்க்கிறார்களாமே, எப்படி?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: தலை தரையில் இடித்ததா? இடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். கீறலை விடுங்கள், அடியை வாங்குவது உள்ளே இருக்கிற தெர்மாகோல். அது நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது, ஒருமுறை நசுங்கினால் பழையபடி எழும்பாது, துணி மறைப்பதால் நம் கண்ணுக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் விஷயம் சுவையானது. ஹெல்மெட்டின் வெளி ஓடு, தெர்மாகோல், மண்டையோடு, மூளை எல்லாவற்றையும் குட்டிக் குட்டித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நசுங்குகிறது, இழுபடுகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். நிஜ ஹெல்மெட்டை இரும்புக் கட்டிமேல் விழவிட்டு, கணக்கு ஒத்துவருகிறதா என்றும் பார்ப்பார்கள்.

உங்களை மாதிரி வழுக்கி விழுந்தால் தலை சாய்வாகப் பட்டுச் சுழலும். தயிர்ச் சட்டியைச் சட்டெனத் திருப்பிப் பாருங்கள், சட்டி சுழலும், தயிர் பின்தங்கும். மூளையும் அப்படித்தான், நரம்பிழைகள் இழுபட்டுவிடும். ஐரோப்பாவின் 22.06 என்ற ஹெல்மெட் விதியில் இந்தச் சாய்வு மோதலுக்கும் சோதனை உண்டு.

புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். அப்புறம், அந்தத் தாடை வாரை மாட்டுங்கள் சார்!